மூவாயிரம் அடியில் ஒரு கண்மாய்

மூவாயிரம் அடி என்பது தனி உயரம். பெரிய விமானங்களில் போகிறவர்களுக்கு அது வாய்ப்பதில்லை. ஏறும்போது ஒரு நிமிஷம், இறங்கும்போது ஒரு நிமிஷம் வந்து போகும். அப்போதும் இறக்கை மறைக்கும், இல்லையென்றால் பக்கத்துச் சீட்டுக்காரர் தலை மறைக்கும். முப்பத்தையாயிரம் அடிக்குப் போனபின் கீழே ஊர் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. மூவாயிரம் அடியில் வரப்பு தெரியும். மரத்தடியில் நிற்கிற மாடு தெரியும், என்ன மாடு என்று தெரியாது. எல்லாவற்றையும்விட, நிலத்தின் வாட்டம் தெரியும். மழைத் தண்ணீர் எங்கிருந்து புறப்பட்டு எந்தப் பக்கம் ஓடும், அதை யார் எந்த இடத்தில் கரை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்பது ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும். மானாவாரிக் கரிசலில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய காட்சி வேறில்லை.

சின்ன வயதில் எனக்குக் கிடைத்த உயரம் தேவன்குறிச்சி மலைதான். டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் சமவெளியில் தனியாக நிற்கிற மலை. கோயிலுக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவோம். கீழே திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகிற ரோடு. மேற்கே சாப்டூர்ப் பக்கம் சதுரகிரி. பங்குனி, சித்திரையில் பார்த்தால் கரிசல் பிளந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பார்த்தால் கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னும். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்தப் பாறைமேல் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முத்தாலம்மன் திருவிழாவின்போது சுற்றூர்களிலிருந்து ஆள் உயரத்துக்குப் பல மடங்கு ஓங்கிய சப்பரங்கள் காட்டுக்கு நடுவே தோள்மேல் அசைந்து வருவதையும் அங்கிருந்து பார்த்திருக்கிறேன். கீழே நின்றால் ஒரு சப்பரம்தான் தெரியும். மேலே ஏறினால் திருவிழாவே தெரியும்.

அங்கிருந்துதான் விமானத்தையும் பார்ப்போம். மதுரையின் விமானத்தளம் இரண்டாம் யுத்தத்தின்போது 1942-இல் வெள்ளைக்காரன் விமானப்படைக்காகப் போட்டது. அந்த யுத்தம் நம் பக்கத்தில் விட்டுப்போன ஓடுதளங்கள் ஒன்றிரண்டல்ல. கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, சூலூர் என்று நீளும். சூலூர் விமானப்படைக்கே போயிற்று. மதுரை பயணிகளுக்கு ஆயிற்று. மற்றவை முள் முளைத்துக் கிடந்தன. என் சிறுபிராயத்தில் மதுரைக்கு வந்து போனவை ஆவ்ரோ விமானங்கள். இரண்டு விசிறி வைத்தவை. சத்தம் முதலில் வரும், அதற்கப்புறம்தான் விமானம் கண்ணில் படும்.

1971 டிசம்பரில் அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு ஒரு பயம் படிந்தது. வங்கதேச யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். திருவனந்தபுரத்திலிருந்து மதுரை நோக்கி வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ ஒன்று டிசம்பர் 9 அன்று சின்னமனூருக்கு மேலே மலையில் மோதி நொறுங்கியது. 21 பேர் இறந்துபோனார்கள், 10 பேர் தப்பினார்கள். எங்களுக்கு மேற்கே நீலமாகத் தெரிகிற அதே மலைத்தொடரின் மறுபக்கம். டீக்கடைப் பெஞ்சில் பெரியவர்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். "மேகத்துக்குள்ள மல இருந்தா எவனுக்குய்யா தெரியும்" என்று ஒருவர் சொன்னது அப்படியே நினைவில் நிற்கிறது. அவர் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. ஆனால் விஷயத்தின் மையத்தைப் பிடித்துவிட்டார். விமானிகள் மிக அஞ்சுவது அதற்குத்தான் என்பதை அரை நூற்றாண்டு கழித்து ஒரு பயிற்றுநரின் வாயால் கேட்டேன். சின்ன விமானத்தில், கண்ணால் பார்த்து ஓட்டுகிற விதிப்படி பறக்கிறவர்கள் மேகத்துக்குள் நுழையக் கூடாது. மேகத்திலிருந்து இத்தனை தூரம் தள்ளியிரு என்று சட்டமே அளந்து வைத்திருக்கிறது.

அந்தப் பயிற்றுநரைச் சந்தித்தது 2023 கோடையில், கலிஃபோர்னியாவில், சான் ஹொசே நகரத்தில். மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டின்போது மாப்பிள்ளை சொன்னார்:

"மாமா, சனிக்கெழம ஒரு சின்ன ப்ளேன் வாடகைக்கு எடுத்திருக்கேன். நீங்கதான் ஓட்டப்போறீங்க."

"அதுக்கு லைசென்ஸ் வேணாமா மாப்ள?"

"பக்கத்துல வாத்தியார் உக்காந்திருப்பாங்க மாமா. அவங்க லைசென்ஸ் போதும்."

என் மனைவி ஒன்றும் சொல்லாமல் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்பதற்கு அதுதான் அர்த்தம்.

மாப்பிள்ளை சொன்னது சட்டப்படி சரி. அங்கே உரிமம் பெற்ற பயிற்றுநர் ஒருவர் வலது இருக்கையில் இருந்தால், இடது இருக்கையில், அதாவது விமானியின் இருக்கையில், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். விமானத்துக்குப் பொறுப்பு பயிற்றுநர். வெளிநாட்டார் முறையாகப் பயிற்சியில் சேர்ந்து உரிமம் வாங்க நினைத்தால் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். 2001-க்குப் பிறகு வந்த ஏற்பாடு. ஒரு தடவை பறந்து பார்ப்பதற்கு அது தேவையில்லை. வேறு நாட்டில் உரிமம் வைத்திருக்கிற விமானிகளும்கூட ஊர் சுற்ற வந்த இடத்தில் இப்படித்தான் செய்கிறார்களாம். அந்த உரிமத்தை அங்கே செல்லுபடியாக்க, சொந்த நாட்டிலிருந்து சரிபார்ப்புக் கடிதம் வர வேண்டும், வாரக்கணக்காகும். அதற்குள் ஊர் திரும்ப வேண்டிய நாள் வந்துவிடும். பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அன்றைக்கே ஏறலாம். தெரியாத வானம், தெரியாத மலை, தெரியாத ரேடியோ வழக்கம் உள்ள ஊரில் உள்ளூர் ஆள் பக்கத்தில் இருப்பதுதான் புத்தி என்றும் அவர்கள் நினைக்கிறார்கள்.

வாடகை மணிக் கணக்கு. எஞ்சின் ஓடுகிற நேரத்தைப் பதிகிற ஒரு மீட்டர் விமானத்துக்குள்ளேயே இருக்கிறது. மணியைப் பத்தாகப் பிரித்துக் காட்டும். எரிபொருளும் வாடகைக்குள் அடக்கம், பயிற்றுநருக்குக் கூலி தனி. எல்லாம் சேர்த்து முந்நூறு டாலர் அளவில் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு ஏக்கர் பருத்திக்குப் போடுகிற முதலை நெருங்குகிற பணம். ஆனால் அங்கே ஒரு குழாய் ரிப்பேர்க்காரர் தன் மகன் பிறந்தநாளுக்கு அதைச் செலவழிக்கிறார். எங்களுக்கு முன்னால் பறந்து இறங்கியவர் அப்படிப்பட்டவர்தான். பணக்காரர்களின் விளையாட்டு என்று நான் நினைத்திருந்தது, அங்கே சம்பளக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை எட்டிப் பிடிக்கிற ஆசையாக இருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ரீட்-ஹில்வியூ என்பது அந்தத் தளத்தின் பெயர். ஊரின் கிழக்குப் பகுதியில், வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. மெக்சிகோவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு காலத்தில் பழத்தோட்டமாக இருந்தது என்று மகள் சொல்லியிருந்தாள். பிளம்ஸ், ஆப்ரிகாட் மரங்கள். கம்ப்யூட்டர் வந்து தோட்டங்களைத் தின்றுவிட்டது.

பயிற்றுநர் இருபத்தைந்து வயதைத் தாண்டியிராத பெண். பெரிய விமானக் கம்பெனியில் சேர ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்த கணக்கு வேண்டும். அதைச் சேர்ப்பதற்காகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாள். விமானம் செஸ்னா 172. நான்கு பேர் உட்காரலாம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்கத் தடையில்லை. 1955-இல் முதலில் பறந்த வகை. இன்றுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள், உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. 1958 டிசம்பரில் லாஸ் வேகாஸில் இரண்டு பேர் இதே வகை விமானத்தில் ஏறி, ஓடும் லாரியிலிருந்து குழாய் வழியே எரிபொருள் வாங்கிக்கொண்டு 64 நாள் தரையிறங்காமல் பறந்திருக்கிறார்கள். 1987 மே மாதம் பத்தொன்பது வயது நிரம்பாத ஜெர்மன் பையன் ஒருவன் இதில்தான் மாஸ்கோவுக்குள் போய்ச் செஞ்சதுக்கத்தின் ஓரத்தில் இறங்கினான். இவ்வளவு கதைகளுக்கும் சொந்தக்கார விமானம் கிட்டத்தில் பார்க்க மிகச் சாதுவாக இருந்தது. கதவு மெல்லிசு. ஆள் தள்ளினால் நகர்கிறது.

ஏறுவதற்கு முன் அதைச் சுற்றி வந்தோம். அவசரமே இல்லை. இறக்கையின் கீல்களை அசைத்துப் பார்க்கச் சொன்னாள். டயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். எண்ணெய்க் குச்சியை உருவி அளவு பார்த்தோம். இறக்கைக்கு அடியில் ஒரு சின்ன வால்வை அழுத்தி, ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குமிழாகத் தங்கும். நிறமும் பார்க்க வேண்டும்.

"மற்ற ஊர்களில் இது நீலமாக இருக்கும். நீலம் என்றால் ஈயம் போட்டது. இங்கே 2022 ஜனவரியிலிருந்து ஈயம் போட்டதை விற்பதில்லை" என்றாள்.

அந்தக் குவளை என் மனசை எங்கோ கொண்டுபோய்விட்டது.

அப்பா காந்தி நிகேதனில் கதர்ப் பகுதியில் வேலை பார்த்தவர். கோ. வேங்கடாசலபதி 1940-இல் கல்லுப்பட்டியில் நிறுவிய ஆசிரமம் அது. ஜே. சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வந்து தங்கியது அங்கேதான். தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் படிப்பும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்தவர். அத்தனையையும் உதறிவிட்டுக் காந்தியோடு கிராமத் தொழில்களுக்காக வார்தாவில் உழைத்தவர். 1960 ஜனவரி 30-இல், காந்தி இறந்த அதே தேதியில் காலமானார். அடுத்த வருஷம்தான் நான் பிறந்தேன். ஆனாலும் அப்பாவின் பேச்சில் அவர் உயிரோடேயே இருந்தார். எந்தச் சாமானை வாங்கினாலும் அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது அப்பா அவரிடம் கற்றது. இந்தத் துணிக்கு யார் கூலி குறைந்தது, இந்த எண்ணெய்க்கு யார் செக்கு நின்றது. ஜபல்பூர் சிறையிலிருந்து குமரப்பா எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய புத்தகம் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. பூமிக்கடியில் தேங்கிக் கிடக்கிற நிலக்கரி, பெட்ரோல் போன்றவற்றை எடுத்துத் தின்கிற வாழ்க்கை ஒன்று. மழை, வெயில், மாடு, மரம் என்று வந்துகொண்டே இருப்பதை வைத்து வாழ்வது இன்னொன்று. முதலாவது சண்டையில்தான் முடியும் என்று அவர் கணக்குப் போட்டார். தேக்கம் தீரத் தீர அதற்கு அடிதடி வரத்தானே செய்யும்?

அப்படிப்பட்ட ஆசிரமத்து நிழலில் வளர்ந்தவன், மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கிற வாடகை விமானத்தின் இறக்கைக்கடியில் நிற்கிறேன். அப்பா இருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். பின்னால் யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டிருப்பார். அதற்குப் பதில் தளத்தின் வேலிக்கு அப்பாலேயே இருந்தது.

சின்ன விமானங்களின் பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் நேரங்கெட்டு வெடித்துவிடாமல் இருக்க ஈயத்தைச் சேர்ப்பது பழைய வழக்கம். லிட்டருக்கு 0.56 கிராம் வரை சேர்க்கலாம். கார் பெட்ரோலில் இருந்த ஈயத்தை இந்தியா 2000-இல் ஒழித்தது. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. ஆகஸ்டில் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அதை அறிவித்தது. அதே ஆகஸ்டில்தான் சான் ஹொசேயைச் சேர்ந்த மாவட்ட நிர்வாகம் ஒரு ஆய்வை வெளியிட்டது. ரீட்-ஹில்வியூ தளத்துக்கு அருகில், காற்று வீசுகிற திசையில் வசிக்கிற குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதாக அது சொன்னது. ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும், எவ்வளவு குறைவானாலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. நிர்வாகம் அடுத்த ஜனவரியிலேயே ஈய எரிபொருள் விற்பனையை நிறுத்திவிட்டது. தளத்தை மூடி நிலத்தை எடுக்கத்தான் இதைச் சாக்காக வைக்கிறார்கள் என்று விமானிகள் தரப்பு சண்டை போட்டது. இரண்டு பக்கத்திலும் நியாயம் பேசுகிறவர்கள் இருக்கலாம். எனக்கு அந்தக் குழந்தைகளின் பக்கம்தான் மனசு போகிறது. விமானத்தில் ஏறி ஆனந்தப்படுகிறவன் ஒருவன், மூச்சில் ஈயத்தை வாங்குகிற குழந்தை இன்னொன்று என்றால், அந்த ஆனந்தம் எனக்கு வேண்டாம். அன்றைக்கு அந்தக் குவளையில் நீலம் இருந்திருந்தால் நான் ஏறியிருப்பேனா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஏறியிருக்க மாட்டேன்.

ஏறினேன். ஓடுதளத்தின் முனையில் நிறுத்தி எஞ்சினை உறுமவிட்டு, தீப்பொறி தருகிற இரண்டு மேக்னெட்டோவையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள். ஒன்று செத்தாலும் மற்றது ஓட்டும். பிறகு ரேடியோவில் கோபுரத்தோடு இரண்டு வார்த்தை. வேகம் ஐம்பத்தைந்து நாட் ஆனதும் "மெதுவாகப் பின்னால் இழுங்கள்" என்றாள். மணிக்கு நூறு கிலோமீட்டர்தான் அது, நான்குவழிச் சாலையில் பஸ் போகிற வேகம். அந்த வேகத்தில் தரை எங்களை விட்டது.

ஏறிக்கொண்டே தெற்கே திரும்பினோம். கிழக்கே ஹாமில்டன் மலை, அதன் உச்சியில் லிக் வானாய்வுக்கூடத்தின் வெள்ளைக் கூரைகள். கீழே மஞ்சள் புல் மூடிய குன்றுகள். மூவாயிரம் அடியில் விமானத்தை மட்டமாக நிறுத்தியதும் அவள் சொன்னாள்: கட்டுப்பாடு உங்களிடம். நான் திருப்பிச் சொல்ல வேண்டும்: கட்டுப்பாடு என்னிடம். அவள் மறுபடி உறுதி சொல்வாள். இரண்டு பேரும் ஓட்டுவதாகவோ, இரண்டு பேரும் ஓட்டாததாகவோ ஒரு கணமும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக மூன்று முறை சொல்கிற முறை அது. சொல்லி முடித்ததும் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா என்னிடம் முதன்முதலாக மேழியைக் கொடுத்த நாள் அப்போது வந்தது. ஆசிரம வேலை போக எங்களுக்குக் கொஞ்சம் புஞ்சை இருந்தது. மாடு கட்டி, சால் பிடித்து, பாதியில் என்னிடம் மேழியை விட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்து வந்தார். கை படாது, ஆனால் கை இருக்கும். கொழு ஒரு பக்கம் சாயப் போகிறது என்று எனக்குத் தெரிவதற்குள் அவர் கை வந்து நேராக்கிவிட்டுப் போய்விடும். அந்தப் பெண்ணின் கையும் அப்படித்தான் இருந்தது. மடியில்தான் இருந்தது, ஆனால் விமானம் முழுக்க இருந்தது. நான் இறுக்கிப் பிடித்தபோதெல்லாம் விமானம் மேலும் கீழும் ஆடியது. "விட்டுவிடுங்கள், அதற்கே பறக்கத் தெரியும்" என்றாள். இரண்டு விரலுக்குத் தளர்த்தினேன். நின்றது. மேழியை அழுத்தாதே, மாட்டுக்கு வழி தெரியும் என்று அப்பா சொன்னதும் இதையேதான்.

வலப்பக்கம் சாய்த்துத் திரும்பச் சொன்னாள். இறக்கை இறங்கியதும் கீழே முழுசாக ஒரு ஏரி தெரிந்தது. ஆனால் அதில் தண்ணீர் இல்லை. நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஏதோ மின்னியது. சுற்றிலும் வெளுத்த மண், பழைய நீர்மட்டங்கள் விட்டுப்போன கோடுகள் வரிவரியாக. வறட்சியா என்று கேட்டேன். இல்லை. ஆண்டர்சன் அணை, 1950-இல் கட்டியது. பூகம்பம் வந்தால் கரை தாங்காது என்று 2020-இல் மத்திய ஆணையம் தண்ணீரை இறக்கச் சொல்லிவிட்டது. கரையைப் பலப்படுத்தி முடிக்கும்வரை அப்படித்தான் வைத்திருப்பார்களாம். அந்தப் பள்ளத்தாக்கின் மிகப்பெரிய நீர்த்தேக்கம் அது. கீழே இருக்கிற லட்சக்கணக்கான பேரின் உயிருக்காக அதைக் காலியாக வைத்திருக்கிறார்கள்.

அந்தத் திருப்பத்தை முடிக்க எனக்கு மனமில்லை. இன்னொரு சுற்று வரலாமா என்று கேட்டேன். வாருங்கள் என்றாள். கரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த இரண்டு குன்றின் இடுக்கைப் பார்த்து அணைக்காரன் இடம் தேர்ந்திருக்கிறான், ஓடை எப்படி வந்து சேர்கிறது, எல்லாமே கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தது. நம் கண்மாய்களை வெட்டியவர்களுக்கு விமானம் கிடையாது. தரையில் நடந்து, மழை நாளில் தண்ணீர் போகிற போக்கைப் பார்த்து, இவ்வளவையும் மனசுக்குள்ளேயே மேலிருந்து பார்த்திருக்கிறார்கள். தேவன்குறிச்சி மலைமேல் சிறுவனாக நின்றபோது எனக்குத் தோன்றாத மரியாதை, உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு காலி ஏரியின் மேல் சுற்றும்போது அவர்கள்மேல் வந்தது. கல்லுப்பட்டியைச் சுற்றியுள்ள கண்மாய்களை இந்த உயரத்திலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அப்போதுதான் பிடித்துக்கொண்டது. செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாமே என்கிறார்கள். பார்த்திருக்கிறேன். அதில் வாட்டம் தெரிவதில்லை, நேர் மேலிருந்து எடுத்த படத்தில் நிலம் தட்டையாகிவிடுகிறது. சாய்ந்த பார்வைதான் பள்ளத்தையும் மேட்டையும் காட்டும்.

காசு கொடுத்து ஒரு சுற்று பறப்பது நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1910-லேயே மதராஸில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்செலிஸ் என்பவர் சிம்சன் கம்பெனியில் ஒரு விமானம் செய்வித்துப் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. 1920-களின் கடைசியில் நெவில் வின்சென்ட் என்ற விமானி ஊர் ஊராகப் போய், திடல்களில் இறங்கி, கட்டணம் வாங்கி ஜனங்களை ஏற்றிச் சுற்றிக் காட்டினார். அப்படிச் சுற்றியபோது உதித்த யோசனையைத்தான் டாட்டாவிடம் கொண்டுபோனார். 1932 அக்டோபர் 15-இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார், அங்கிருந்து பெல்லாரி வழியாக மதராஸுக்கு அதைக் கொண்டுபோனவர் வின்சென்ட். இந்திய விமானப் போக்குவரத்தே ஒரு வாடகைச் சவாரிக்காரரின் பைக்குள்ளிருந்து வந்தது என்று சொன்னால் தப்பில்லை. 1936-இல் லாகூரில் சரளா தக்ரால் புடவை கட்டிக்கொண்டு ஜிப்சி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார், அப்போது வயது இருபத்தொன்று. பறக்கும் கிளப்புகள் மதராஸிலும் டில்லியிலும் இருந்தன. 1958-இல் பெங்களூரு எச்.ஏ.எல். புஷ்பக் என்ற இரண்டு இருக்கை விமானத்தை அந்தக் கிளப்புகளுக்காகவே செய்தது. எங்கோ நடுவில் இது அறுந்துவிட்டது. பறப்பது வேலைக்குப் படிப்பவர்களின் காரியமாகச் சுருங்கிப்போனது. அதற்கும் அரைக்கோடி வேண்டும். சும்மா ஒரு மணி நேரம் தன் ஊரை மேலிருந்து பார்க்க வேண்டும் என்பவனுக்கு மதுரைச் சீமையில் இன்று இடமில்லை.

திரும்பி வரும்போது ரேடியோவைக் கேட்டுக்கொண்டே வந்தோம். இறங்குவதற்கு முன் கட்டுப்பாட்டை அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் என் கையையும் அதிலேயே வைத்திருக்கச் சொன்னாள். அறுபத்தைந்து நாட். வேலி, ரோடு, கூரைகள், ஒரு வீட்டுப் பின்கட்டில் சின்னச் சைக்கிள். அந்தச் சைக்கிளைத் தாண்டித்தான் ஓடுதளம் தொடங்குகிறது. அத்தனை கிட்டத்தில் இருக்கிறார்கள். மீட்டர் காட்டியதை மாப்பிள்ளை கட்டினார். அவள் ஒரு சின்னப் பதிவேட்டில் நாளையும் விமானத்தின் எண்ணையும் நேரத்தையும் எழுதி, கையெழுத்திட்டு, என்னிடம் கொடுத்தாள். நாளைக்கு நான் முறையாகக் கற்க வந்தால் இதுவும் கணக்கில் சேருமாம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தவள் எதிர்வீட்டுப் பெண். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு வைத்துவிடவில்லை, கேட்கத் தொடங்கிவிட்டாள்.

"பெரியப்பா, நம்ம ஊர்ல இதுக்கு எத்தன வயசு ஆகணும்?"

தெரிந்ததைச் சொன்னேன். பதினாறு வயதில் மாணவ விமானி உரிமம். பதினேழு முடிந்து, பத்தாம் வகுப்பு தேறி, மருத்துவச் சான்று வாங்கி, நாற்பது மணி நேரம் பறந்தால் தனியார் விமானி உரிமம். சம்பளத்துக்கு ஓட்ட வேண்டுமென்றால் இருநூறு மணி. விமான நிலைய ஆணையம் இப்போது சின்ன நிலையங்களைப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறது, சேலத்தில் ஒரு பள்ளி வந்துவிட்டது. கோவில்பட்டியில் கிடக்கிற ஓடுதளத்திலும் ஒன்று வைக்கத் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனம் முயல்கிறது. கோவில்பட்டி எங்களுக்கு எட்டாத தூரமில்லை, அதுவும் கரிசல்தான். அங்கே ஒரு செஸ்னா எழுந்தால் எங்கள் கண்மாய்கள் அதற்குக் கொஞ்ச நேரப் பயணம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் அந்தக் குவளையைப் பற்றியும் சொல்லியிருந்தேன்.

"அப்ப கோயில்பட்டில என்ன எண்ண ஊத்துவாங்க பெரியப்பா? நீலமா?"

அதுதான் கேள்வி. இந்தியாவில் சின்ன விமானங்களுக்கான பெட்ரோலை முன்பு இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் தன் வதோதரா ஆலையில் நம் நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கியது. பெருமைப்பட வேண்டிய காரியம். ஆனால் அதுவும் ஈயம் சேர்த்த அதே வகை. அமெரிக்கா 2030 முடிவுக்குள் ஈயத்தை ஒழிப்பதாகக் கெடு வைத்திருக்கிறது. நம்மிடம் பயிற்சிப் பள்ளிகள் இப்போதுதான் பெருகப் போகின்றன. பள்ளி வந்து, பத்து விமானம் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்து, அதற்குப் பிறகு விழித்துக்கொள்வதைவிட ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். செஸ்னா 172-இல் பெரும்பாலானவை ஈயமில்லாத பெட்ரோலிலேயே ஓடும். நான் போனதும் அதில்தான்.

இரண்டு பேரும் உட்கார்ந்து டிட்கோவுக்கு ஒரு மனு எழுதினோம். எண்ணெய் விஷயம் அவள் எழுதியது, சுருக்கமாக, என்னைவிட நன்றாக. நான் சேர்த்தது இரண்டாவது கோரிக்கை: பள்ளி வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் சில மணி நேரம், பயிற்றுநர் வலப்பக்கம் உட்கார, கட்டணம் கட்டுகிற பொதுஜனம் யாரும் இடப்பக்கம் உட்கார்ந்து பறக்க வழி செய்ய வேண்டும். உழவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கண்மாய்ப் பாசனச் சங்கத்தாருக்கும் பாதிக் கட்டணம் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அவள் அதை அடித்துவிட்டு, முதல் தடவை இலவசம் என்று மாற்றி எழுதினாள். அப்படியே தபாலில் சேர்த்துவிட்டோம்.